கையுறைக்குள் ஈரம்

பெனிட்டா வகுப்புக்குள் வந்ததும் சொல்லும் முதல் வார்த்தை "கை" என்பதுதான். பிள்ளைகள் எழுந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டுவார்கள். நகம், நகக்கண், விரலிடுக்கு, உள்ளங்கை என்று ஒவ்வொருவரின் கையையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவாள். விரலில் மருதாணி இருந்தால் அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுமதி கிடையாது. சிரங்கு, வெட்டு, கொப்புளம் எது இருந்தாலும் கிடையாது. பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'கைரேகை மிஸ்'. அது அவளுக்கும் தெரியும்.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் பல வருடம் டெக்னீஷியனாக இருந்தவள். பழவேற்காட்டில் வாழ்க்கைப்பட்ட பிறகு தினமும் சென்னைக்குப் போய்வர முடியவில்லை. பொன்னேரியில் ஒரு பயிற்சி மையத்தில் ஆசிரியையாகச் சேர்ந்துகொண்டாள். மரச்சாமான் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் பெஞ்சுகள். மற்றதில் ஒரு பழைய ஆபரேஷன் மேசை, அதன்மேல் நோயாளிக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் பொம்மை. ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்தும் காட்டூர், அனுப்பம்பட்டுப் பக்கத்திலிருந்தும் பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள் வந்தார்கள். படிப்போடு, ஊரிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் நேரடிப் பயிற்சியும் முடித்தால் ஏதாவது ஒரு தியேட்டரில் வேலை கிடைத்துவிடும். அந்த நேரடிப் பயிற்சியைப் போஸ்டிங் என்பார்கள். அது இல்லாமல் சான்றிதழ் கிடையாது.

"டாக்டர் அறுக்கறாரு, தைக்கறாரு. அதுக்கு முன்னாடி பின்னாடி நடக்கறதெல்லாம் உங்க கையில" என்பாள் பெனிட்டா. "கிளவுஸ் கிழிஞ்சா கிழிஞ்சிடுச்சினு வாயத் தொறந்து சொல்லணும். படக்கூடாத எடத்துல கை பட்டா பட்டுடுச்சினு சொல்லணும். டாக்டர் திட்டுவாங்களா? திட்டட்டும். நல்லா திட்டு வாங்கிக்கினு, வெளிய வந்து, வேற கிளவுஸ் போட்டுக்கினு போங்க."

அந்த வருடத்துப் பிள்ளைகளில் கவியரசன்மேல் அவளுக்குத் தனியாக ஒரு பிரியம் இருந்தது. தோணிரேவுப் பையன். அப்பா செங்கல்வராயன் பழவேற்காட்டு உப்பு ஏரியில் மீன் பிடிப்பவர். காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, கருவிகளின் படங்களைக் கைப்பேசியில் பார்த்துப் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருப்பான். கவுன் போடும்போது துணியின் வெளிப்பக்கத்தை ஒருமுறைகூட விரல் தொட்டதில்லை. போஸ்டிங்கில் பிள்ளைகளைச் சுவரோரமாகத்தான் நிறுத்துவார்கள். விளக்கைத் திருப்புவது, கருவிக் கட்டுகளைப் பிரித்துத் தருவது, இவ்வளவுதான் வேலை. கைகழுவி, கவுனும் கையுறையும் போட்டு, மேசைக்குப் பக்கத்தில் நின்று டாக்டரின் கையில் கருவியைக் கொடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. பார்க்கும்போதெல்லாம் கேட்பான்.

"எப்போ மிஸ் என்னை நிக்க வெப்பாங்க?"

மருத்துவமனையின் பிரசவ டாக்டர் ஜெனிஃபர் அவனைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். நிரந்தர டெக்னீஷியன் தங்கை கல்யாணத்துக்கு விடுப்பில் போனபோது அவரே பெனிட்டாவைக் கூப்பிட்டார். "வியாழக்கிழமை ஒரு சிசேரியன் இருக்கு. உங்க கவியரசன் என்கூட நிக்கட்டும். நீங்களும் பக்கத்துல இருங்க."

அந்த வியாழக்கிழமை காலை, பெனிட்டா மருத்துவமனைக்குக் கிளம்பிப் பாதிவழி வந்துவிட்டாள். மையத்தின் உரிமையாளர் ஜெகதீஸ்வரனிடமிருந்து போன் வந்தது. அங்கீகாரம் தருகிற ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஆசிரியை எங்கே என்று கேட்கிறார்கள், உடனே வர வேண்டும். அவள் வண்டியைத் திருப்பினாள். மருத்துவமனைக்குப் போன் செய்து கவியரசனைக் கூப்பிடச் சொன்னாள்.

"நான் வர முடியலடா. கையெல்லாம் சுத்தமா இருக்கா?"

ஒரு கணம் பதில் வரவில்லை. பயந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

"இருக்கு மிஸ்."

"பதட்டப்படாத. தெரிஞ்சதுதானே எல்லாம். போ."

அன்று சாயந்திரம் அவனே கூப்பிட்டான். குரலில் மூச்சு வாங்கியது. "பொம்பளப் புள்ள மிஸ். வெளிய எடுத்ததும் இன்னா சத்தம் தெரியுமா! டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடியே எடுத்து எடுத்துக் குடுத்தேன். நல்லா பண்ணேனு சொன்னாங்க மிஸ்." பெனிட்டாவுக்குத் தானே மேசையருகில் நின்றதுபோல் இருந்தது. காட்டூரைச் சேர்ந்த செவ்வந்தி என்ற பெண்ணுக்கு அது முதல் பிரசவம் என்பதையும் அவன்தான் சொன்னான்.

அடுத்த வாரம் கவியரசன் வகுப்புக்கு வரவில்லை. காய்ச்சல் என்று தகவல் அனுப்பியிருந்தான். பிறகு ஒரு நாள் வந்தான், முகம் வெளுத்து, வலது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு. பெனிட்டா "கை" என்றாள். எல்லாரும் நீட்டினார்கள். அவன் இடது கையை மட்டும் நீட்டினான்.

"இன்னொண்ணு?"

மெதுவாக எடுத்தான். கட்டைவிரலின் அடிப்பாகம் எலுமிச்சம்பழம்போல் வீங்கியிருந்தது. தோல் கருஞ்சிவப்பாகப் பளபளத்தது. பெனிட்டா அவனைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"இது இன்னாடா?"

"கெளுத்தி குத்திடுச்சி மிஸ்."

"எப்போ?"

அவன் மேசைமேல் படுத்திருந்த பொம்மையைப் பார்த்தான். "ஆபரேஷனுக்கு மொத நாளு."

பெனிட்டா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் நின்றுகொண்டே சொன்னான். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விடுவது என்பதற்கு ஊரில் முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். அன்றைக்கு அவன் வீட்டுப் பாடு. விட்டால் மறுபடி முறை வர நாளாகும். கூடப் போகும் சித்தப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். "நாளைக்கி ஆபரேஷன்ல நிக்கணும், நான் வரலனு சொன்னேன் மிஸ். தனியா வலை இழுக்க முடியாது, வாடானு நைனா கூப்டுச்சி. போனேன். வலையிலேர்ந்து கெளுத்தியப் பிரிக்கும்போது முள்ளு உள்ள பூந்துடுச்சி. புடுங்கிப் போட்டுட்டேன். மறுநாள் பாத்தா சின்ன ஓட்டைதான் மிஸ். தெரியவே தெரியாது. பிளாஸ்திரி ஒட்டிக்கினு வந்து, கை கழுவறதுக்கு முன்னாடி பிச்சிப் போட்டேன்."

"கை சுத்தமானு போன்ல கேட்டேனே."

"கேட்டீங்க."

"அப்புறம்?"

"பாதி ஆபரேஷன்ல கிளவுஸுக்குள்ள ஈரமா இருந்திச்சி. வேர்வைனு நெனச்சேன். அப்புறம் பாத்தா கட்டைவெரல் கிட்ட கிளவுஸ் லேசா கிழிஞ்சிருந்திச்சி. ஊசி மொனை பட்டிருக்கும்போல. ரோஸா தண்ணி மாதிரி கசிஞ்சிக்கினு..." அவன் வலது கையை மறுபடி பைக்குள் விட்டுக்கொண்டான். "கொழந்தை வெளிய வந்துக்கினு இருந்திச்சி மிஸ். அத்த குடு, இத்த குடுனு டாக்டர் கேட்டுக்கினே இருந்தாங்க. சொன்னா என்னை வெளிய அனுப்பிடுவாங்க. மொத தபா நிக்கறேன். சொல்ல வாய் வரல."

அடிக்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. கை எழவில்லை. எழுந்திருந்தாலும் எதற்காக அடிப்பாள்? அன்று காலை வண்டியைத் திருப்பாமல் இன்னும் பத்து நிமிடம் ஓட்டிப் போய் அந்தக் கையைத் தன் கையில் வாங்கிப் பார்த்திருந்தால், அந்த ஓட்டை அவள் கண்ணுக்குத் தப்பியிருக்காது. அவனை உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் விரலைக் காட்டச் சொல்லி அனுப்பினாள். பிறகு தனியார் மருத்துவமனையிலிருந்த தெரிந்த நர்ஸுக்குப் போன் செய்து, மனதில் ஒன்றும் இல்லாதவள்போல், "காட்டூர்ப் பொண்ணு நல்லா இருக்காளா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"வீட்டுக்குப் போனவ திரும்ப வந்துட்டா மேடம். தையல் விட்டுப்போய்ச் சீழ். காய்ச்சல் எறங்கவே மாட்டேங்குது. மருந்து மாத்தி மாத்தி ஏத்தறாங்க, ஒண்ணும் கேக்கல."

ஜெகதீஸ்வரன் முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. மையத்தை ஆரம்பிக்க அவர் எவ்வளவு அலைந்தார் என்று பெனிட்டாவுக்குத் தெரியும். கெட்ட மனிதர் இல்லை.

"அவனாலதான் வந்துச்சுனு உங்களால அடிச்சுச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாது சார்."

"வயித்தத் தொறந்தா சில பேருக்குச் சீழ் வெக்கத்தான் செய்யும். நீங்களே பாத்திருப்பீங்க."

"பாத்திருக்கேன்."

"அப்புறம் இன்னாத்துக்குப் போய்ச் சொல்லணும்? சொன்னா அடுத்த நிமிஷம் நம்ம புள்ளைங்க எல்லாரோட போஸ்டிங்கையும் நிறுத்திடுவாங்க. வேற எந்த ஆஸ்பத்திரி சேத்துக்கும்? கவியரசன் ஒருத்தன் பண்ணதுக்கு மொத்தப் புள்ளைங்களும் வீட்டுல உக்காரணுமா? அந்தப் பொண்ணுக்கு டாக்டர் இருக்காங்க. அவங்க பாத்துக்குவாங்க."

வீட்டுக்கு வந்து கணவன் சாம்சனிடம் சொன்னாள். துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவன், களைத்து வந்திருந்தான். யோசித்துவிட்டு, "வருஷம் பூரா கையப் பாத்துக்கினு இருக்கே. ஒரு நாள் பாக்கல. அதுக்குனு நீயா போயித் தலையக் குடுப்பியா?" என்றான். அவன் சொன்னதில் கோபம் இல்லை, அவளைக் காப்பாற்ற வேண்டும் என்றிருந்தது. அதனால் அதைத் தட்டுவது கஷ்டமாக இருந்தது. அன்று பெனிட்டா டாக்டரிடம் போகவில்லை. இரவும் அப்படியே போனது. மறுநாள் காலை வகுப்புக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போனாள்.

டாக்டர் ஜெனிஃபர் அறையில் நோயாளிகள் யாரும் இல்லை. பெனிட்டா உட்காராமல் சொன்னாள். முள், கையுறை, போனில் கேட்டது, எல்லாம். டாக்டரின் முகம் முதலில் சிவந்தது. பிறகு கோபத்தை எங்கோ தள்ளி வைத்துவிட்டவர்போல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எங்க குத்துச்சு? ஏரித் தண்ணியிலயா?"

"ஏரியில. கெளுத்தி முள்ளு."

டாக்டர் எழுந்துவிட்டார். "நான் சாதாரணமா தியேட்டர்ல வர்ற கிருமினு நெனச்சு மருந்து குடுத்துக்கிட்டு இருக்கேன். உப்புத் தண்ணிக் கிருமினா மருந்தே வேற." ஆய்வகத்துக்குப் போன் செய்து, சீழை மறுபடி எடுத்து எதற்கெல்லாம் சோதிக்க வேண்டும் என்று வேகமாகச் சொன்னார். நர்ஸைக் கூப்பிட்டு மருந்தை மாற்றச் சொன்னார். பிறகுதான் பெனிட்டாவின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நேத்து காலையில டாக்டர்."

"நேத்து ராத்திரி அவளுக்கு ஜன்னி வந்துடுச்சு. பிரஷர் எறங்கிடுச்சு." அவர் குரலை உயர்த்தவில்லை. "இப்ப தியேட்டருக்கு எடுத்தே ஆகணும். டெக்னீஷியன் டூட்டி முடிஞ்சு கிளம்பிட்டான். திரும்பி வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. நீங்க நிக்கறீங்களா?"

பெனிட்டா தலையாட்டினாள்.

"கையக் காட்டுங்க" என்றார் டாக்டர்.

இரண்டு கைகளையும் நீட்டினாள். டாக்டர் நகத்தையும் விரலிடுக்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் கையை வேறொருவர் அப்படிப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

மேசையில் கிடந்த செவ்வந்தியின் முகத்தை அப்போதுதான் அவள் பார்த்தாள். வயசுப் பெண். உதடு காய்ந்து வெடித்திருந்தது. காதில் சின்னக் கல் தோட்டைக் கழற்றிவிட்டு நூல் கட்டியிருந்தார்கள். வயிற்றைத் திறந்ததும் வந்த வாடையில் மயக்க டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புண் உள்ளே இறங்கியிருந்தது. கர்ப்பப்பையில் போட்ட தையலைச் சுற்றிலும் அழுகிக் கருத்திருந்தது. ஜெனிஃபர் கொஞ்ச நேரம் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வெளியில் காத்திருந்த கணவன் ரமேஷிடம் நர்ஸ் போய், கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதக் கையெழுத்து வாங்கி வந்தாள். பெனிட்டா கேட்டதைக் கேட்டவுடன் கொடுத்தாள். கிளாம்ப், கத்திரி, நூல். கை தன் வேலையைச் செய்தது. எடுத்த கர்ப்பப்பையை டாக்டர் நீட்டியபோது அதைக் கிண்ணத்தில் வாங்கியவளும் அவள்தான். கிண்ணம் அவள் நினைத்ததைவிட லேசாக இருந்தது.

"நேத்தே வந்திருந்தா இது தப்பிச்சிருக்குமா டாக்டர்?" என்று கைகழுவும் இடத்தில் கேட்டாள்.

ஜெனிஃபர் குழாயை மூடினார். "தெரியாது. தப்பிச்சிருக்கலாம். தப்பிக்காமலும் போயிருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

மருந்து மாறியதும் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. சீழிலும் கவியரசனின் விரலிலும் ஒரே கிருமி இருந்தது என்று ஆய்வகம் சொன்னது. விரலை அரசு மருத்துவமனையில் கீறிக் கழுவினார்கள். செவ்வந்தி பிழைத்துக்கொண்டாள். ஜெனிஃபர் நடந்ததை நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார். குடும்பத்தாரிடம் தாங்களே சொல்லிக்கொள்வதாக நிர்வாகம் சொன்னது. ஆனால் சொன்னதெல்லாம், "சில பேர் உடம்பு வாகு அப்படி" என்பதுதான். அதைத் தெரிந்த நர்ஸ்தான் பெனிட்டாவுக்குச் சொன்னாள். அதே வாரம் பயிற்சி மையத்துப் பிள்ளைகளின் போஸ்டிங்கை நிறுத்தினார்கள். ஜெகதீஸ்வரன் பெனிட்டாவைக் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்றார். சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பிள்ளைகளில் சிலர் போன் செய்து அழுதார்கள். சிலர் பேசவே இல்லை. வழியில் பார்த்த ஒரு தாய், "உங்க மனசாட்சிக்கு எங்க பொண்ணு பலியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒரு நாள் காலை செங்கல்வராயன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"எம்மவன் சோறு துன்ன மாட்டேங்கறான் மிஸ்ஸு. ஏரிக்கும் வரமாட்டேங்கறான், செவுத்தப் பாத்துக்கினே படுத்துக்கினு கீறான்."

"விரல் ஆறிடுச்சா?"

"வெரல் கெடக்கு. நீங்க அவன் பேரச் சொன்னீங்க. சரி, சொல்ல வேண்டியதுதான். எம்பேரையும் சொல்லியிருக்கலாம் இல்ல? அவன் வரலனுதான் சொன்னான். நாளைக்கி ஆபரேஷன் நைனா, என்னை வுட்டுடுனு சொன்னான். பாடு போயிடும்னு நான்தான் இட்டுக்கினு போனேன். அத்த யாரும் கேக்கல. அவன் ஒருத்தன் தலையில வெச்சிட்டாங்க."

"என் பேரையும் நானே சொல்லிட்டேன்" என்றாள் பெனிட்டா. "ஆனா யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட யாருமே இன்னும் சொல்லல."

அவர் அவளையே பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவரிடம் சொன்ன பிறகுதான், அந்த வார்த்தையை அவள் தனக்கே சொல்லிக்கொண்டது தெரிந்தது. மறுநாள் காட்டூருக்குப் பஸ் ஏறினாள்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. முன்னறையில் தூளி தொங்கியது. குழந்தை அதில் தூங்கியது. செவ்வந்தி பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமியார் முனியம்மா பின்பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. ரமேஷ் வேலைக்குப் போயிருந்தான்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருக்கீங்களாக்கா? புண்ணு ஆறிடுச்சி. இருமினாத்தான் வலிக்குது."

"நான் அங்க வேலை செய்யறவ இல்ல செவ்வந்தி. உன் ஆபரேஷன்ல நின்ன பையனுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவ." பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவன் கையில் காயம் இருந்தது. மறைத்தான். கையுறை கிழிந்ததையும் சொல்லவில்லை. தினமும் கையைப் பார்க்கிற தான் அன்றைக்குப் பார்க்கவில்லை. தெரிந்த பிறகும் ஒரு நாள் பயந்து சும்மா இருந்தாள்.

செவ்வந்தி தலையணையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை. "அப்போ கருவாடு இல்லியா?" என்றாள்.

பெனிட்டாவுக்குப் புரியவில்லை.

"வூட்டுக்கு வந்த மறுநாளு கருவாட்டுக் கொழம்பு துன்னேன். யாருக்கும் தெரியாம தலைக்கும் ஊத்திக்கினேன், ஒடம்பெல்லாம் ஒரே கசகசனு இருந்திச்சினு. அதனாலதான் சீழ் புடிச்சி, கர்ப்பப்பைய எடுத்துட்டாங்கனு அத்த சொல்லிக்கினே கீறாங்க. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்றாங்க. அவரு ஒண்ணியும் சொல்ல மாட்டாரு. ஆனா நான் சோறு போட்டா தட்டைப் பாத்துக்கினே துன்னுட்டு எழுந்து போயிடறாரு." மூச்சு விட்டாள். "அவங்கள இன்னா சொல்றது? நானும் அப்டித்தான்க்கா நெனச்சிக்கினு இருந்தேன். வாயக் கட்டியிருந்தா இன்னொரு புள்ள பொறந்திருக்குமேனு."

"கருவாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தலைக்கு ஊத்தினதுக்கும் இல்ல. நீ ஒரு தப்பும் பண்ணல."

செவ்வந்தி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அத்தே!" என்று கூப்பிட்டாள். பின்பக்கம் சத்தம் நிற்கவில்லை. "அத்தே! இங்க வாங்க!" என்று அவள் கத்தியதில் தூளியில் குழந்தை சிணுங்கியது.

முனியம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். "யாரும்மா நீ?"

"இவங்க சொல்றத நின்னு கேளுங்க" என்றாள் செவ்வந்தி. பெனிட்டாவிடம் திரும்பினாள். "எங்கிட்ட சொன்னத இன்னொரு தபா சொல்லுங்க. ஒண்ணுகூட வுடாம சொல்லுங்க."

பெனிட்டா இன்னொரு முறை சொன்னாள். முதல்முறையைவிட இது கஷ்டமாக இருந்தது. முனியம்மா பாதியிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! எங்க வூட்டு வெளக்க அணைச்சிட்டு, இப்ப வந்து கதை சொல்றியா? படிச்சவதானே நீ? ஒரு கையப் பாக்க முடியல உனக்கு?" வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். பெனிட்டா நின்று வாங்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அவங்கள அப்புறம் திட்டுங்க" என்றாள் செவ்வந்தி. குரல் தாழ்ந்திருந்தது. "கருவாடு இல்ல. தலைக்கு ஊத்தினது இல்ல. கேட்டுச்சா அத்தே? வாசல்ல வந்து நிக்கறாங்க பாருங்க, இவங்களுக்கும் சொல்லுங்க. உங்க புள்ளகிட்டயும் சொல்லுங்க."

முனியம்மா மருமகளைப் பார்த்தாள். பிறகு தூளியை ஆட்டத் தொடங்கினாள். ஆட்டிக்கொண்டே முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள்.

பெனிட்டா கிளம்பும்போது செவ்வந்தி வாசல்வரை வந்தாள்.

"உங்கள மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு மனசு வரலக்கா."

"அதக் கேக்க வரல செவ்வந்தி."

"அந்தப் பையன் வரணும். நான் பாக்கணும்."

ரமேஷ் சுகாதாரத் துறையில் மனுக் கொடுத்தான். விசாரணைக்குக் கூப்பிட்டபோது பெனிட்டா போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஜெனிஃபரும் வந்திருந்தார். விசாரணை இன்னும் முடியவில்லை. மையத்துப் பிள்ளைகளுக்கு ஜெகதீஸ்வரன் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் போஸ்டிங் பிடித்துக் கொடுத்தார். தூரம் அதிகம் என்று இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். அந்த இருவரின் பெயரும் பெனிட்டாவின் நினைவில் அடிக்கடி வரும். அவள் இப்போது மீஞ்சூரில் ஒரு சின்ன மருத்துவமனையில் கருவிகளைக் கழுவி அவித்து எடுக்கும் அறையில் வேலை பார்க்கிறாள். பாடம் சொல்லித் தரக் கேட்டார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

கவியரசன் காட்டூருக்குப் போனான். நைனாவும் கூடப் போனார். திரும்பும் வழியில் பெனிட்டாவைப் பார்க்க அவன் மட்டும் வந்தான். மெலிந்திருந்தான். கேட்காமலே சொன்னான்.

"நைனா அவங்க மாமியார் கால்ல வுழுந்துடுச்சி மிஸ். நானும் வுழப் போனேன். அந்தக்கா வேணாம்னுட்டாங்க. உள்ள கூப்ட்டுனு போயி, சேலைய வெலக்கி வயித்துல இருக்கற தழும்பக் காட்டினாங்க. நல்லா பாத்துக்கோனு சொன்னாங்க. வேற ஒண்ணியும் பேசல. பாத்துட்டு வந்துட்டேன்."

பெனிட்டா அவன் தோளில் கை வைத்தாள். அவன் உடம்பு விறைத்திருந்தது.

"மிஸ், நான் திரும்பப் படிக்கலாமா?"

படி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. "இப்ப கேக்காதடா. கொஞ்ச நாள் போகட்டும். அதுக்கப்புறமும் கேக்கணும்னு தோணுச்சினா வந்து கேளு. நான் இங்கதான் இருப்பேன்" என்றாள். சரி மிஸ் என்றான்.

அவன் இன்னும் வந்து கேட்கவில்லை. அனுப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலைக்கு நிற்கிறான் என்று யாரோ சொன்னார்கள். ரயிலில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பெனிட்டா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து பார்ப்பாள். கடை அங்கிருந்து தெரிவதில்லை.